கொம்பு இல்லாத புத்தகங்கள்

அடையாறு பக்கத்தில் கொக்கூர், தாழையூர் என்று இரண்டு கிராமங்கள் இருந்தன. சென்னை நகரம் வளர்ந்துகொண்டே வந்து, ஒருநாள் இரண்டையும் விழுங்கிவிட்டது. வயல் போயிற்று. ஏரி போயிற்று. தவளைகள்கூட வேறு வீடு பார்த்துக்கொண்டு பெருங்குடி பக்கம் போய்விட்டன.

ஒன்று மட்டும் போகவில்லை. கொக்கூர்க்காரர்களுக்குத் தாழையூரைப் பார்த்தால் வயிறு எரியும். தாழையூர்க்காரர்களுக்குக் கொக்கூரைப் பார்த்தால் வயிறு எரியும். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சாக்கடைதான் தூரம். அந்தச் சாக்கடையையே இரண்டு ஊரும் "எங்களுடையது" என்று சொல்லிக்கொண்டிருந்தன.

ஒருமுறை தாழையூர்ச் சாலையில் ஒரு வேகத்தடை போட்டார்கள். மறுவாரமே கொக்கூரில் இரண்டு வந்தது. தாழையூரில் நான்கு வந்தது. கொக்கூரில் எட்டு. அதன் பிறகு அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பின் வாசல் வழியாகத்தான் இறங்கினார்கள். யாரும் எழுந்து நடந்து போகவில்லை. குலுங்கிக் குலுங்கி உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்கள்.

இப்படிப்பட்ட கொக்கூரில் ஒரு சின்ன நூலகம் இருந்தது. ஒரே ஓர் அறை, ஓட்டுக் கூரை, நான்கு அலமாரி, இரண்டு பெஞ்சு. ஊரில் அதை யாரும் நூலகம் என்று சொல்வதில்லை. "பவுண்டு" என்பார்கள். அந்தக் காலத்தில் அடுத்தவர் வயலில் மேய்ந்த மாடுகளைப் பிடித்து வந்து அடைத்து வைக்கும் பவுண்டாக இருந்த இடம் அது. சுவரில் மாடு கட்டும் இரும்பு வளையங்கள் இன்னும் இருந்தன. படிக்க வருகிறவர்கள் அதில் குடையை மாட்டுவார்கள்.

1997ஆம் ஆண்டு அந்த நூலகத்துக்கு நாற்பது வயது ஆயிற்று. விழா எடுப்பது என்று முடிவாயிற்று. நூலகர் கரீமுல்லா சார் ஆறாம் வகுப்பு ஜெயபாரதியைக் கூப்பிட்டார்.

"ஜெயா, நம்ம நூலகத்தோட வரலாற்றை நீதான் எழுதணும். ஊர்ல எல்லார்கிட்டயும் போய்க் கேளு. விழாவுல அதைப் படிக்கப் போறோம்."

ஜெயபாரதிக்குத் தரையில் கால் நிற்கவில்லை. பந்தல், மைக், கூட்டம், நடுவில் தான். எல்லாம் கண்ணுக்குள் வந்துவிட்டது. பச்சைப் பாவாடையா, ஊதாப் பாவாடையா என்பதுவரை யோசித்துவிட்டாள்.

"படிக்கிறது ஹம்சினி" என்றார் கரீமுல்லா சார்.

ஜெயபாரதியின் கால் தரையில் நின்றது.

"ஏன் சார்? எழுதறது நான், படிக்கிறது அவளா?"

"உனக்குக் கை நல்லா இருக்கு. அவளுக்குத் தொண்டை நல்லா இருக்கு. கையால படிக்க முடியுமா? தொண்டையால எழுத முடியுமா? போ, போ, வேலையைப் பாரு."

ஹம்சினி ஆறு மாதத்துக்கு முன்புதான் மயிலாப்பூரிலிருந்து வந்தவள். அதே வகுப்பு. அவள் வாயைத் திறந்தால் கோயில் மணி மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி வாசிக்க, பரிசு வாங்குகிறவர்கள் பெயரைக் கூப்பிட, காணாமல் போன டிபன் பாக்ஸை அறிவிக்க, எல்லாவற்றுக்கும் அவள்தான். அவள் அறிவித்ததைக் கேட்டு, டிபன் பாக்ஸைத் தொலைக்காதவர்கள்கூட வந்து வரிசையில் நின்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயபாரதியின் குரல் வேறு ரகம். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல இருக்கும். வீட்டு வாசலில் அவள் "அம்மா!" என்று கூப்பிட்டால் எதிர் வீட்டில் பால் திரிந்துவிடும்.

அன்று சாயங்காலம் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த அப்பா, மகளின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, மூஞ்சி சுட்ட கத்திரிக்கா மாதிரி கீது?"

"வயிறு எரியுது."

அவ்வளவுதான். அம்மா ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து நீட்டினாள். ஜெயபாரதி குடித்தாள். எரிச்சல் போகவில்லை. "இன்னும் கொஞ்சம் குடி" என்றாள் அம்மா. ஹம்சினியை நினைத்து நினைத்து ஜெயபாரதி அன்று நான்கு சொம்பு மோர் குடித்தாள். வயிறு நிறைந்தது. எரிச்சல் மட்டும் அதன் மேல் தக்கை மாதிரி மிதந்தது.

மறுநாள் அவள் நோட்டும் பென்சிலுமாகத் தெருவில் இறங்கினாள். ஹம்சினி ஓடி வந்தாள்.

"நானும் வரட்டுமா ஜெயா? எங்காத்துல கேட்டுண்டு வந்துட்டேன்."

"வேணாம். எழுதறவங்கதான் போகணும். படிக்கிறவங்க வீட்ல உக்காந்து தொண்டையைப் பத்திரமா பாத்துக்கணும்."

"சரி" என்றாள் ஹம்சினி. அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. அது ஜெயபாரதிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

முதலில் சூடாமணி அத்தை வீடு. அத்தை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நூலகமா? எழுதிக்கோ. அதுக்கு முதல் புத்தகம் குடுத்தது எங்க மாமனார். அந்தப் புத்தகம் எவ்வளவு கனம் தெரியுமா? நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்க. நடுவுல ரெண்டு தடவை இறக்கி வெச்சு இளைப்பாறினாங்க."

அடுத்து ஜவஹர் அண்ணாச்சியின் மளிகைக் கடை. அண்ணாச்சி பருப்பை நிறுத்துக்கொண்டே சொன்னார்.

"சூடாமணி சொல்லுதாளா? பொய்யில்லா அது! மொத புஸ்தகம் குடுத்தது எங்க தாத்தா. ஊருல இருந்து வரும்போது வண்டி நெறைய ஏத்திட்டு வந்தாரு. மாடு அதைப் பாத்துட்டு, எனக்கு வயசாயிட்டு, எழுதப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லி நகர மாட்டேன்னுட்டு. பெறகு அவரே இழுத்துட்டு வந்தாரு, தெரியுமா பிள்ள?"

மூன்றாவது, ஷாஹுல் ஹமீது பாயின் சைக்கிள் கடை. பாய் பஞ்சர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி சிரித்தார்.

"அவங்க ரெண்டு பேரும் உடற கதையில நம்ம கடை டியூப் எல்லாத்துக்கும் காத்தடிக்கலாம். எங்க நைனாதாம்மா மொத புக்கு குடுத்தது. சைக்கிள்ல ஒரு கையில புக்கு, ஒரு கையில குடை. ஹேண்டில்பாரை எந்தக் கையால புடிச்சாருன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் புரியல."

ஜெயபாரதி பன்னிரண்டு வீடுகள் ஏறி இறங்கினாள். பன்னிரண்டு வீட்டிலும் முதல் புத்தகம் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் "என் பேரை மேல எழுது, அவன் பேரைக் கீழ எழுது" என்று எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் பென்சிலை வாங்கித் தானே எழுதிக் கொடுத்தார்.

என்ன செய்வது? ஜெயபாரதி நூலகத்துக்குப் போய் அலமாரிகளைக் குடைந்தாள். நான்காவது அலமாரியின் உச்சியில் பழைய பேப்பர்க் கட்டுக்கு அடியில், கறுப்புத் துணி அட்டை போட்ட நீளமான பதிவேடு ஒன்று கிடைத்தது. மேலே 'கொக்கூர் கிராமம், மாட்டுப் பவுண்டு' என்று அச்சடித்திருந்தது. 'மாட்டு' என்பதை யாரோ அடித்துவிட்டு, 'புத்தக' என்று கையால் எழுதியிருந்தார்கள்.

திறந்தால், எழுத்தா அது? மையில் குளித்த எறும்புகள் வீட்டுக்குப் போன பாதை மாதிரி இருந்தது. கரீமுல்லா சாரிடம் காட்டினாள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், பதிவேட்டைத் தலைகீழாகவும் பார்த்தார்.

"எனக்குத் தலை சுத்துது. உனக்குப் புரிஞ்சா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படி. பத்திரம்" என்றார்.

ஜெயபாரதி ஒன்பது நாள் உட்கார்ந்தாள். முதல் நாள் ஓர் எழுத்து புரிந்தது. மூன்றாம் நாள் ஒரு வரி புரிந்தது. ஐந்தாம் நாள் அவள் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டில் மறுபடியும் பால் திரிந்தது.

விஷயம் இதுதான். நாற்பது வருடத்துக்கு முன் தாழையூரில் நூலகம் திறந்தார்கள். கொக்கூருக்கு வயிறு எரிந்தது. "நாம மூணே நாள்ல திறக்கணும்!" என்று கிளம்பினார்கள். காலியாக இருந்த மாட்டுப் பவுண்டைக் கழுவினார்கள். அலமாரி செய்தார்கள். பெஞ்சு போட்டார்கள். 'இங்கே இரவல் கிடைக்கும்' என்று பெரிய பலகை மாட்டினார்கள். தேங்காய் உடைத்தார்கள். எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்த பிறகுதான், புத்தகம் வாங்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

மூடிவிடலாமா? தாழையூர் சிரிக்குமே! இரவல் கிடைக்கும் என்று பலகை வேறு மாட்டியாயிற்று. அதனால் ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு சாமானைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தார்கள். பவுண்டைப் பார்த்துக்கொண்டிருந்த கபாலி என்பவரையே நூலகர் ஆக்கினார்கள். அவரிடம் இருந்தது மாட்டுப் பதிவேடு ஒன்றுதான். அதில் நிறம், கொம்பு, ஓட்டி வந்தவர், அவிழ்த்து விட்ட நாள் என்று கட்டம் கட்டமாக அச்சடித்திருந்தது. கபாலி நேர்மையான மனிதர். ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை.

'இட்லிப் பானை. நிறம்: பித்தளை. கொம்பு: இல்லை, காது இரண்டு.'

'குடை. நிறம்: கறுப்பு. கொம்பு: ஒன்று, வளைந்தது.'

'ஏணி. நிறம்: மரம். கொம்பு: இல்லை. அவிழ்த்து விட்ட நாள்: வெள்ளிக்கிழமை. சாது.'

அடுத்த பக்கங்களில் இன்னும் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அதை இப்போதே சொன்னால் ஜெயபாரதி கோபித்துக்கொள்வாள். அதை அவள் விழாவுக்காக ஒளித்து வைத்திருந்தாள்.

ஆமாம், ஒளித்துத்தான் வைத்தாள். ஒன்பதாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. 'இதை ஹம்சினிக்கு எதுக்குக் குடுக்கணும்? அவளுக்குச் சப்புன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுக்கலாம். அவ படிப்பா. எல்லாரும் கொட்டாவி விடுவாங்க. அப்புறம் நான் மேடையேறி இதை எடுப்பேன். அன்னிக்குத் தெரியும்!'

அப்படியே ஒரு பக்கம் எழுதினாள். 'கொக்கூர் நூலகம் 1957இல் திறக்கப்பட்டது. ஓர் அறை உண்டு. நான்கு அலமாரி உண்டு. முதல் புத்தகம் கொடுத்தவர் யார் என்று தெரியவில்லை. நன்றி.'

ஹம்சினி வாங்கிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா ஜெயா?"

"இவ்ளோதான் வரலாறு. சின்ன நூலகம்தானே."

"பரவாயில்லை. நான் நிறுத்தி நிறுத்திப் படிக்கிறேன். நன்னா வரும்" என்றாள் ஹம்சினி. அந்த ஐந்து வரியை அவள் மொட்டை மாடியில் நின்று முப்பது தடவை படித்துப் பழகினாள். தெரு முழுக்கக் கேட்டது. 'நான்கு அலமாரி உண்டு' என்பதை அவள் சொன்னபோது, அதில் ஏதோ பெரிய சோகக் கதை இருப்பது போல அடுத்த வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயபாரதி காதைப் பொத்திக்கொண்டு மோர் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விழா. நூலக வாசலில் சாமியானா கட்டியிருந்தார்கள். சூடாமணி அத்தை பட்டுப் புடவையில் முன் வரிசை. ஜவஹர் அண்ணாச்சி கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்து அவளுக்கும் முன்னால் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். ஷாஹுல் ஹமீது பாய் சைக்கிளோடு வந்து, அதை அண்ணாச்சிக்கும் முன்னால் நிறுத்தி, அதன் மேல் உட்கார்ந்தார். கடைசி வரிசையில் தாழையூர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொக்கூர் எங்கே தடுக்கி விழும் என்று பார்க்க வந்தவர்கள் அவர்கள்.

ஜெயபாரதி மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் பையில் பதிவேடு இருந்தது.

ஹம்சினி மைக் முன்னால் வந்து கணீரென்று ஆரம்பித்தாள். அறை உண்டு. அலமாரி உண்டு. "முதல் புத்தகம் கொடுத்தவர் யார் என்று தெரியவில்லை."

 உடனே சூடாமணி அத்தை எழுந்தாள்.

"யாருக்குத் தெரியலை? எங்க மாமனார் குடுத்தது உலகத்துக்கே தெரியும்!"

"ஒங்க மாமனாருக்குப் புஸ்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சாலும் நேராப் பிடிச்சாலும் ஒண்ணுதான், எழுதப் படிக்கத் தெரியாதுல்லா! எங்க தாத்தாதான் குடுத்தாரு!"

"யோவ் அண்ணாச்சி, உங்க தாத்தா குடுத்தது பொட்டலம் கட்ற பேப்பருய்யா. எங்க நைனா குடுத்ததுதான் புக்கு!"

பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் எழுந்துவிட்டார்கள். நாற்காலிகள் சாய்ந்தன. சைக்கிள் மணி அடித்தது. கடைசி வரிசையில் தாழையூர்க்காரர்கள் கட்டிய கையை அவிழ்த்து, வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

"யார் எழுதிக் குடுத்ததும்மா இதை?" என்று சூடாமணி அத்தை மேடையைப் பார்த்துக் கத்தினாள். "யாரு? பேரைச் சொல்லு!"

ஜெயபாரதிக்குத் திக்கென்றது. இப்படி ஆகும் என்று அவள் நினைக்கவே இல்லை. கொட்டாவி விடுவார்கள் என்றுதானே நினைத்தாள்?

ஹம்சினி அந்தத் தாளை மடித்தாள். அவள் ஜெயபாரதியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பேரும் ஜெயபாரதி பக்கம் திரும்பிவிடுவார்கள்.

"அது... நான்தான் சரியாப் படிக்கலை மாமி" என்றாள் ஹம்சினி. அந்தக் கோயில் மணிக் குரல் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கீறல் விட்டது. "மன்னிச்சுக்கோங்கோ."

ஜெயபாரதியின் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது சட்டென்று நின்றுவிட்டது. அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்து குடைந்தது. அதற்கு மோர் கேட்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினாள். மைக்கைப் பிடித்தாள்.

"அதை எழுதினது நான்! எல்லாரும் கேளுங்க!"

கூய்ய்ய் என்று மைக் அலறியது. காக்கைகள் எல்லாம் பறந்து போயின. ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பொத்திய காதோடே சண்டையைத் தொடர்ந்தார்கள். ஜெயபாரதி இன்னும் சத்தமாகக் கத்தினாள். மைக்கும் அவளோடு போட்டி போட்டு அலறியது. சண்டை நிற்கவில்லை.

அவள் பதிவேட்டைத் திறந்து ஹம்சினியின் கையில் வைத்தாள்.

"இதைப் படி. சீக்கிரம்! நிஜ வரலாறு இதுதான்."

ஹம்சினி பார்த்தாள். விழித்தாள். "இது என்ன பாஷை?"

ஒன்பது நாள் பழகினால்தான் அந்த எறும்பு எழுத்து புரியும். படிக்கத் தெரிந்தவளுக்குக் குரல் இல்லை. குரல் இருந்தவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. பந்தலின் ஒரு கால் ஆட ஆரம்பித்திருந்தது.

இதுவரை நினைத்து வைத்திருந்ததை எல்லாம் ஜெயபாரதி ஒரு மூச்சில் விழுங்கினாள். "நான் உன் காதுல சொல்றேன்" என்றாள். "நீ மைக்ல சொல்லு."

"சரி. மெதுவாச் சொல்லு."

ஜெயபாரதி ஹம்சினியின் காதருகே குனிந்தாள். ஹம்சினி நிமிர்ந்து நின்றாள்.

"இட்லிப் பானை!" என்று பந்தல் அதிர அறிவித்தாள். "நிறம், பித்தளை! கொம்பு, இல்லை! காது, இரண்டு!"

கொக்கூர் மொத்தமும் திரும்பியது. சூடாமணி அத்தை அண்ணாச்சியின் மேல்துண்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"நம் நூலகத்தில் முதன்முதலில் இரவல் போனது இதுதான். புத்தகம் இல்லை. ஏனென்றால், நூலகம் திறந்த நாளில் நம்மிடம் ஒரு புத்தகம்கூட இல்லை!"

ஏணி சாது என்ற இடம் வந்தபோது முன் வரிசை குலுங்கியது. குடையின் கொம்பு வந்தபோது பாய் சைக்கிளிலிருந்து சரிந்து விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். தாழையூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை புரையேறியது. அப்போதுதான் ஜெயபாரதி, தான் ஒளித்து வைத்திருந்த பக்கத்தைத் திருப்பினாள். ஒவ்வொரு வரியாகக் காதில் சொன்னாள். ஹம்சினி ஒவ்வொரு வரியாக வானத்தில் ஏற்றினாள்.

"புத்தகம். நிறம், சிவப்பு. கொம்பு, இல்லை. சொந்த ஊர், தாழையூர். ஓட்டி வந்தவர், அமீனா பீ."

கடைசி வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நம் ஊர் அமீனா பீ தாழையூர் நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, அங்கிருந்து இரவல் வாங்கி வந்தார். மாலையில் இங்கே எல்லாருக்கும் உரக்கப் படித்தார். கேட்டவர்கள், மனிதர் நாற்பத்தொன்று, மாடு இரண்டு."

"அடுத்த நாள். கேட்டவர்கள், மனிதர் எழுபது, மாடு மூன்று. நடுவில் ஒரு மாடு எழுந்து போனது. கதை சுமார்."

"அடுத்த வாரம். தாழையூர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கேட்க வந்தார்கள். தங்கள் ஊரில் புத்தகம் இருக்கிறது, இப்படிப் படிக்க ஆள் இல்லை என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார்கள்."

 ஜெயபாரதி கடைசி வரியைச் சொன்னாள்.

"ஆவணி மாதம். தினமும் போய்வந்து அமீனா பீக்குக் கால் வலி. அதனால் தாழையூர்க்காரர்கள் நாற்பது புத்தகங்களைத் தலையில் சுமந்து வந்து நம் அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்கள். கொம்பு, எதற்கும் இல்லை. அவிழ்த்து விட்ட நாள்..." ஹம்சினி ஒரு நொடி நிறுத்தினாள். "இன்னும் விடவில்லை."

முதல் புத்தகம் கொடுத்தது தாழையூர்!

பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் மெதுவாக உட்கார்ந்தார்கள். நாற்காலிகளை வேறு யாரோ சாய்த்தது போலப் பார்த்தபடி அவற்றை நிமிர்த்திக்கொண்டார்கள். கடைசி வரிசையில் வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"எங்கப்பாதான் அந்தப் பன்னிரண்டு பேர்ல ஒருத்தர்" என்றார். "நாற்காலியைத் தூக்கிட்டு எங்கே போறார்னு எங்கம்மா ரொம்ப வருஷம் சண்டை போட்டாங்க. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

ஜவஹர் அண்ணாச்சி எழுந்தார். எதற்கோ என்று எல்லாரும் பயந்தார்கள். "ஏ, பின்னாடி இருக்கவங்களுக்கு மொதல்ல கலர் குடுங்கப்பா!" என்று சத்தம் போட்டார். பெட்டியிலிருந்த சோடா பாட்டில்கள் கடைசி வரிசைக்குப் போயின. கொக்கூர் வரலாற்றில் அது முதல் தடவை.

அமீனா பீக்கு ஊரில் உறவு என்று யாரும் இப்போது இல்லை. அதனால்தான் அவர் பெயரை யாரும் இதுவரை சொல்லவில்லை. கரீமுல்லா சார் சாக்பீஸை எடுத்து, நூலக வாசலில் இருந்த கரும்பலகையில் 'அமீனா பீ' என்று பெரிதாக எழுதினார். எழுதி முடிப்பதற்குள், "எங்க மாமனார் வீட்டுக் குழாயிலதான் அமீனா பீ தண்ணி பிடிப்பாங்க" என்றாள் சூடாமணி அத்தை. "எங்க தாத்தா கடையிலதாம்லா அவங்க வெல்லம் வாங்குவாங்க" என்றார் அண்ணாச்சி. "எங்க நைனாதான் அவங்க புர்காவை முள்ளுல இருந்து எடுத்து உட்டாரு" என்றார் பாய். நல்லவேளையாக அதற்குள் கைதட்டல் ஆரம்பித்துவிட்டது.

பெரிய கைதட்டல். சாமியானா ஒரு முழம் மேலே எழும்பி இறங்கியது. "என்ன குரல், என்ன குரல்!" என்றார்கள் சிலர். "அந்த எழுத்தை எப்படித்தான் படிச்சதோ இந்தப் பொண்ணு!" என்றார்கள் சிலர். ஜெயபாரதி காதைத் தீட்டிக்கொண்டு இரண்டையும் எண்ணினாள். குரலுக்குப் பதினெட்டு வந்தது. எழுத்துக்குப் பதினாறு வந்தது. கொஞ்சம் வலித்தது. ஆனால் தாங்க முடிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு இருவரும் நூலகப் படியில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் ஜெயபாரதி பாவாடை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒரு பக்கத்தை நான் வேணும்னுதான் சப்புன்னு எழுதினேன். உன் மேல பொறாமையா இருந்துச்சு" என்றாள்.

"தெரியும்" என்றாள் ஹம்சினி.

"தெரியுமா? அப்போ ஏன் என் பேரைச் சொல்லலை?"

"சொல்லியிருப்பேன். ஆனா நானும் ஒரு காரியம் பண்ணிட்டேனே. கரீமுல்லா சார்கிட்ட நாலு தடவை போய், 'ஜெயா வேணாம், வரலாற்றை நானே எழுதறேன்'னு கேட்டேன். 'உனக்கு எழுத வராதும்மா'ன்னு துரத்திட்டார். உன் மேல எனக்கு எவ்ளோ பொறாமையா இருந்தது தெரியுமா!"

ஜெயபாரதி பாவாடையைத் திருகுவதை நிறுத்தினாள்.

"நெஜமாவா?"

"நெஜமா. ராத்திரி சாதமே இறங்கலை."

ஜெயபாரதி இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். "எவ்ளோ பொறாமை? மறுபடியும் சொல்லு. முதல்ல இருந்து சொல்லு."

ஹம்சினி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நிறுத்தி நிறுத்தி, கணீரென்று சொல்ல ஆரம்பித்தாள். ஜெயபாரதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அந்தக் குரல் உண்மையிலேயே ரொம்ப நன்றாகத்தான் இருந்தது.